சொல்லும் கதையும் வாசிக்கும் கதையும்: ரிங்லெட் வீடுகளை முன்வைத்து

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில் மலேசியாவின் கேமரன் மலைக்குள் நுழைந்ததும் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் தமிழ்க் குடும்பங்கள் வாழத் தொடங்கி நூறாண்டு ஆகப்போகிறது. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். அந்த மலைகளில் கொழுந்து பறித்ததில் பெரும்பங்கு தமிழ்க் கைகளுடையது. அந்தக் கைகளோடு வந்த கதைகளும் லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தங்கின.

அந்த வீடுகளில் பிள்ளைக்குக் கதை இரண்டு வழியாகப் போய்ச் சேர்கிறது. ஒன்று, பெரியவர்கள் வாயால் சொல்லும் கதை. இன்னொன்று, புத்தகத்தைப் பிரித்து வைத்து வாய்விட்டு வாசிக்கும் கதை. எப்படியோ பிள்ளை கதை கேட்கிறதே, இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். "பிள்ளைக்கு வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்" என்று பள்ளியில் சொன்னால், "நாங்கதான் தினம் கதை சொல்றோமே டீச்சர்" என்று ஒரு தாய் பதில் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு வேறு பல மொழிப் பிள்ளைகளுக்கு இருப்பதைவிடப் பெரியது என்பதே என் எண்ணம்.

முதலில் சொல்லும் கதை. தோட்டத்தில் அதன் வேர் ஆழமானது. ஆள்சேர்த்து அழைத்து வந்த கங்காணிகளின் பின்னால் கப்பலேறி வந்தவர்களில் எழுத்தறிந்தவர் குறைவு. பெண்களில் இன்னும் குறைவு. விடியுமுன் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு) போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். பகலில் ஆயாவும் இரவில் பாட்டியுமாகக் கதை சொல்லும் பொறுப்பு முதிய பெண்களிடம் இருந்தது. நல்லதங்காள், மதுரை வீரன், காத்தவராயன் எல்லாரும் அப்படித்தான் மலையேறினார்கள். மதுரை வீரன் தோட்டத்து எல்லையில் சாமியாகவும் நின்றதால், கதையில் கேட்டவரை மறுநாள் பிள்ளை நேரிலேயே போய்ப் பார்க்க முடிந்தது. கதை வேறு, வாழ்க்கை வேறு என்ற பிரிவே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். அதுதான் சட்டம். 'உம்' நின்றால் கதையும் நிற்கும், "தூங்கிட்டியா?" என்ற கேள்வி வரும். நடுவில் பிள்ளை கேள்வி கேட்கலாம், பாட்டி திருப்பிக் கேட்கலாம். "அந்தப் பய என்ன செஞ்சிருப்பான், சொல்லு பாப்போம்" என்று பாட்டி நிறுத்தினால், அடுத்த திருப்பத்தைப் பிள்ளையே சொல்லியாக வேண்டும். காட்டு வழி என்று கதையில் வந்தால் அது பிள்ளைக்குத் தெரிந்த சரிவாக மாறிவிடும். திருடன் எந்த லயத்துப் பக்கமாக ஓடினான் என்பதுகூட அன்றன்று முடிவாகும். ஒருநாள் சொன்ன கதை மறுநாள் அப்படியே வராது. சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து கட்டுவது அது.

இனி வாசிக்கும் கதை. இது நகரத்துப் படித்த வீடுகளின் பழக்கம், தோட்டத்துக்கு அந்நியமானது என்று ஒரு நினைப்பு உண்டு. அது சரியல்ல. வாய்விட்டு வாசிப்பது தோட்டத்திலும் நடந்தது, பெரியவர்களுக்காக நடந்தது. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட பெரிய எழுத்துக் கதைகள் கடல் கடந்து போயின. அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை போன்றவற்றை எழுத்துத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்து பெரிதாக இருந்ததன் பயனே அதுதான்: மங்கலான விளக்கிலும் வாசிக்கலாம், கொஞ்சமே படித்தவரும் வாசிக்கலாம். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற நாளேடுகளும் இப்படி ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டவைதாம். ஒரு பிரதி எத்தனையோ காதுகளுக்குப் போயிற்று. பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக யாரும் வாசிக்கவில்லை என்றாலும், எழுத்துத் தமிழ் அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அது காதில் விழுவது ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாட்டி "காக்கா வந்துச்சாம், வடையத் தூக்கிக்கிட்டுப் பறந்துடுச்சாம்" என்று சொல்கிறாள். புத்தகம் "காகம் வந்தது; வடையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது" என்கிறது. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்று. நான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. வினை முடியும் விதம் வேறு, வேற்றுமை உருபு ஒலிக்கும் விதம் வேறு, சில சொற்களே வேறு. இதோடு மலேசிய வீட்டுத் தமிழில் பாசார் (சந்தை), பாசார் மாலாம் (இரவுச் சந்தை) என்று மலாய்ச் சொற்களும் இயல்பாகக் கலந்திருக்கும். அந்தக் கலப்பில் குறையொன்றும் இல்லை. அது அந்த மண்ணின் தமிழ். ஆனால் ஏழு வயதில் ஆண்டு ஒன்றில் (முதல் வகுப்பில்) போய் உட்காரும் பிள்ளையின் முன் வைக்கப்படும் பாடநூல் வேறொரு தமிழில் பேசுகிறது.

ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது நடப்பதைக் கவனித்தால் சிக்கல் புரியும். எழுத்தை ஒலியாக மாற்றுகிறது. அந்த ஒலி ஏற்கெனவே காதில் இருக்கும் ஒரு சொல்லோடு போய்ச் சேர்ந்தால் பொருள் பிறக்கிறது. 'பறந்துவிட்டது' என்று சரியாகக் கூட்டிவிட்டாலும், காதில் இருப்பது 'பறந்துடுச்சு' மட்டும் என்றால் அந்தச் சேர்க்கை உடனே நிகழாது. 247 எழுத்துகளைக் கற்கும் சுமை ஒரு பக்கம், கேட்டே பழகாத ஒரு மொழிநடையைக் கற்கும் சுமை இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்து விழுகின்றன. "எழுத்தெல்லாம் தெரியுது, ஆனா வாசிச்சது என்னன்னு சொல்லத் தெரியல" என்று பெற்றோர் கவலைப்படும் பிள்ளைகளில் பலரின் சிக்கல் இதுவே என்று நினைக்கிறேன்.

பேச்சும் எழுத்தும் இப்படி விலகி நிற்கும் மொழிகளில் அரபியும் ஒன்று. இஸ்ரேலில் வாழும் அரபு மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் டினா ஃபைடெல்சனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. பேச்சு அரபி மட்டுமே தெரிந்த அந்தச் சிறுவர்களுக்குப் பல மாதங்கள் தொடர்ந்து இலக்கிய அரபியில் கதைகள் வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குப் புரியாது, சலிப்புத் தட்டும் என்ற தயக்கம் பெரியவர்களிடம் இருந்தது. நடந்தது வேறு. கேட்ட கதையைப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துக் கதை சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள், வாசிப்புக் கேட்காத பிள்ளைகளைவிட முன்னே நின்றார்கள். சலீம் அபு ராபியா 2000இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது. மழலை வயதில் இலக்கிய அரபியைக் காதால் கேட்டவர்கள் முதல் இரண்டு வகுப்புகளில் வாசித்துப் புரிந்துகொள்வதில் மேம்பட்டிருந்தார்கள்.

ரிங்லெட்டுக்கு இந்த அரபு ஆய்வை விடப் பொருத்தமான சான்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டியின் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பேச்சுத் தமிழில்தான் வரும், வரவும் வேண்டும். எழுத்துத் தமிழின் ஓசையைப் பள்ளிக்கு முன்பே பிள்ளைக்குப் பழக்க வீட்டில் இருக்கும் இயல்பான வழி, யாராவது ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிப்பதுதான். தொலைக்காட்சிச் செய்தியும் எழுத்துத் தமிழ்தான். ஆனால் அதைப் பிள்ளை மடியில் உட்கார்ந்து கேட்பதில்லை.

சொல்வளத்திலும் புத்தகத்தின் பங்கு தனி. டொனால்ட் ஹேஸ், மார்கரெட் ஏரன்ஸ் இருவரும் 1988இல் ஆங்கிலத்தில் ஒரு கணக்கெடுத்தார்கள். பட்டம் பெற்ற பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது ஆயிரம் சொற்களுக்கு 17.3 அரிய சொற்கள் வந்தன. சிறுவர் நூல்களில் அது 30.9. படித்தவர்களின் பேச்சைவிடக் குழந்தைப் புத்தகத்தில் அரிய சொல் அதிகம் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. காரணம் எளிது. பேசும்போது கையும் முகமும் சூழலும் பாதிப் பொருளைச் சுமக்கின்றன. "அத எடு, இங்க வை" என்றால் போதும். புத்தகத்துக்குக் கை இல்லை. எல்லாவற்றையும் சொல்லாலேயே சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, புத்தகம் மாறாது. ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்கும் பிள்ளை, அவசரத்தில் நாம் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் உடனே பிடித்துவிடும்: "அது இல்லப்பா, இன்னும் இருக்கு!" அந்தக் கணத்தில் பிள்ளை ஒரு பெரிய உண்மையை அறிந்திருக்கிறது. தாளில் உள்ள கோடுகள் சொல்லைப் பிடித்து வைத்திருக்கின்றன, யார் வாசித்தாலும் அதே சொல்தான் வரும். எழுத்து என்றால் என்ன என்று பள்ளி சொல்லிக்கொடுக்கும் முன்பே பிள்ளை அதைத் தானாகவே கண்டுகொள்கிறது. ஆகவே திரும்பத் திரும்ப அதே புத்தகத்தைக் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள் என்பேன். நான்கே புத்தகங்கள் உள்ள வீடும் ஏழை வீடு ஆகிவிடாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியானால் பாட்டியை ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கலாம் என்று யாராவது முடிவு செய்தால் அது பெரிய தவறாகும். அதற்கும் சான்று உண்டு.

அமெரிக்காவின் கரோலைனாப் பகுதியில், பஞ்சாலைத் தொழிலாளர் வாழும் இரண்டு குடியிருப்புகளில் ஷெர்லி பிரைஸ் ஹீத் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பழகி, 1983இல் ஒரு நூல் எழுதினார். ஊர்களுக்கு டிராக்டன், ரோட்வில் என்று புனைபெயர் வைத்தார். ரோட்வில்லின் வெள்ளைத் தொழிலாளர் வீடுகளில் பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். டிராக்டனின் கறுப்புத் தொழிலாளர் வீடுகளில் சிறுவர் புத்தகம் அரிது. ஆனால் திண்ணையிலும் வெளியிலும் கதை ஓயவில்லை, பிள்ளைகள் கற்பனையோடு கதை கட்டுவதில் கெட்டிக்காரர்களாக வளர்ந்தார்கள். ரோட்வில் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகவே செய்தார்கள். நான்காம் வகுப்பை நெருங்கியபோது பின்தங்கினார்கள். ஹீத் கண்ட காரணம் இது: அந்த வீடுகளில் வாசிப்பு என்றால் "இது என்ன?", "அது என்ன நிறம்?" என்று கேட்டுச் சரியான விடை வாங்குவதோடு முடிந்தது. புத்தகத்தில் உள்ளதைத் தம் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசுவதோ, "வேறு மாதிரி நடந்திருந்தால்?" என்று கேட்பதோ இல்லை. டிராக்டன் பிள்ளைகளிடம் அந்தக் கற்பனை நிறைய இருந்தது. பள்ளி அதைக் கண்டுகொள்ளவில்லை.

தொழிலாளர் குடியிருப்பு என்பதால் இந்த நூல் எனக்கு நம் லயங்களை நினைவூட்டுகிறது. வாசித்துக் காட்டுவது ஒரு சின்னத் தேர்வாகிவிடும் ஆபத்து நம் வீடுகளிலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும் என்ற தவிப்பில், கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று உடனே கேட்டுவிடுகிறோம். பிள்ளைக்கும் தெரியும், நாம் எதிர்பார்க்கும் விடை ஒன்று இருக்கிறது என்று. அதைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறது. பாட்டி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. "அந்தப் பய என்ன செஞ்சிருப்பான்?" என்றுதான் கேட்டாள்.

நியூயார்க்கில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் வெளியிட்ட சோதனை இப்படித் திறந்த கேள்வி கேட்பதன் பயனைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரை இரு சாராராகப் பிரித்தார். இரு சாராரும் வீட்டில் வாசித்தார்கள். ஒரு சாராருக்கு மட்டும் எப்படி வாசிப்பது என்று பழக்கினார்: நடுவில் நிறுத்தித் திறந்த கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்வதை நீட்டிச் சொல்லுங்கள், மெல்ல மெல்லப் பிள்ளையையே கதை சொல்ல விடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் தெளிவாக முன்னே இருந்தார்கள். அவர் பெற்றோருக்குப் பழக்கியதில் பெரும்பகுதி, 'உம்' கொட்டச் சொல்லும் எந்தப் பாட்டிக்கும் பழக்கப்பட்டதே. வாசிப்புக்கு எழுத்துத் தமிழைத் தருவது புத்தகம். அந்த வாசிப்பை உயிரோடு வைத்திருக்கும் பழக்கம் கதை சொல்கிறவரிடமிருந்து வர வேண்டும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம், ஏனென்றால் ரிங்லெட்டின் இன்றைய வீடு பழைய லயத்து வீடு இல்லை. தோட்ட வேலையில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். தமிழ்க் குடும்பங்கள் பல தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. பாட்டி ஓர் ஊரிலும் பேரப்பிள்ளை வேறோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஆகவே சொல்லும் கதை தானாகவே தொடரும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்கும் இனி முயற்சி வேண்டும். பெற்றோர் காய்கறித் தோட்டத்திலோ கடையிலோ தங்கும் விடுதியிலோ வேலை முடித்துக் களைத்து வருகிறார்கள். கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமைப்பது எளிது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பேசப்படாத இன்னொரு தடை கூச்சம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களில் பலருக்குத் தமிழ் வாசிப்பு பன்னிரண்டு வயதோடு நின்றுபோயிருக்கும். முப்பது வயதில் பிள்ளையின் முன் எழுத்துக் கூட்டி வாசிக்க வெட்கமாக இருக்கிறது. இவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: தடுமாறி வாசியுங்கள், பரவாயில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு உங்கள் வேகம் பொருட்டல்ல. படப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிதான் இருக்கும். பிள்ளை தூங்கிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு மறுநாள் வாசிக்கலாம். வாசிக்கவே வராத வீட்டில், ஆண்டு மூன்றில் படிக்கும் அக்கா தம்பிக்கு வாசிக்கட்டும். அப்போது இருவருமே பயனடைகிறார்கள், கேட்கிறவனைவிட அக்காவே ஒருவேளை அதிகமாக.

புத்தகம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நல்ல தமிழ்ச் சிறுவர் நூல்களுக்குப் பெரும்பாலும் மலையிலிருந்து இறங்க வேண்டும். ஆனால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அச்சிட்டும் கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் வந்தன. அளவிலும் மொழியிலும் அவை தொடக்க வாசிப்புக்கு ஏற்றவை. ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் நூலகம் இருக்கிறது. பள்ளி நூலகப் புத்தகம் வாரம் ஒன்று வீட்டுக்கு வந்துபோனால் ஓராண்டில் எத்தனை கதைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இந்தப் புத்தகங்களில் தேயிலை மலை அரிது. கொழுந்துக் கூடை இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை, மூடுபனியில் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளை இல்லை. பாட்டியின் கதையில் இவை எல்லாம் இருந்தன. இரண்டு வழிகளையும் பிணைக்க ஒரு வேலை செய்யலாம். பாட்டி சொல்லும் கதையை அம்மாவோ அண்ணனோ ஒரு நோட்டில் எழுதட்டும், பிள்ளை படம் வரையட்டும், அதையே இரவில் வாசிக்கட்டும். பாட்டி வேறு ஊரில் என்றால் கைப்பேசியில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து எழுதலாம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், பிள்ளைகளின் சொந்தச் சொற்களையே அவர்களுடைய முதல் வாசிப்பு நூலாக்கினார். தம் அனுபவத்தை 1963இல் நூலாக எழுதினார். அங்கே கைகூடியது இங்கே கைகூடாமல் போக வேண்டியதில்லை.

அந்த நோட்டில் எந்தத் தமிழை எழுதுவது? தமிழ்க் கதாசிரியர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதைச் செய்தால் போதும். கதையை நடத்திச் செல்லும் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் பேசும் இடங்கள் பாட்டி சொன்னபடியே பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "காகம் வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நரி "ஏ காக்கா, ஒரு பாட்டுப் பாடேன்!" என்று கேட்கலாம். மூன்று வயதில் தொடங்கினால், ஆண்டு ஒன்றுக்குப் போகுமுன் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வேலை ஓய்ந்த நாளில் கால் மணி நேரம் கிடைத்தாலும் போதும்.